எந்த இலை முதலில் மஞ்சளானது?



சென்ற ஆறு மாதங்களாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் குருமனையில் இல்லாததை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி வழியாக நடத்தும் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றில் சேர்ந்து தோட்டக்கலை பயின்று வந்தேன். "ஓய்வு பெற நான்கு ஆண்டுகளே இருக்கும்போது உங்களுக்குச் சான்றிதழ் எதற்கு ஐயா?" என்று மூப்பர் ஒருவர் அன்போடு கேட்டார். செடி வளர்க்கச் சான்றிதழ் வேண்டியதில்லை என்பது மெய்தான். ஆனால் பிரசங்க பீடத்தில் நிற்பவனை இடைமறித்து, "நீர் சொல்வது தவறு" என்று எவரும் சொல்வதில்லை. நெடுங்காலம் திருத்தப்படாமல் பேசிவந்தவனுக்குத் திருத்தப்படும் ஓரிடம் தேவையாயிருந்தது.

அந்தத் திருத்தம் விரைவிலேயே கிடைத்தது. குருமனையின் பின்புறம் நிற்கும் எலுமிச்சையை நீங்கள் அறிவீர்கள். நட்டு ஆறு ஆண்டுகளாகியும் அது காய்க்கவில்லை, இலைகளும் மஞ்சளித்திருந்தன. இரண்டாம் வகுப்பில் அதைச் சொல்லி, "தழைச்சத்துக் குறைவுதானே? ஆண்டுதோறும் தொழுவுரம் இடுகிறேன்" என்றேன். ஆசிரியை என்னைவிட இருபது வயது இளையவர். "மஞ்சள் முதலில் தோன்றியது பழைய இலையிலா, இளம் இலையிலா?" என்று கேட்டார். நான் விழித்தேன். ஆறு ஆண்டுகள் நாள்தோறும் கடந்துசென்ற மரம் அது. ஒருமுறையேனும் நான் நின்று பார்த்ததில்லை.

அவர் விளக்கினார். தழைச்சத்து குறையும்போது, மரம் தன் முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துத் தளிருக்கு அனுப்பும். ஆகவே பழைய இலையே முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம்பெயராது. அது குறைந்தால் இளம் இலை முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். வீடு திரும்பிப் பார்த்தேன். இளம் இலைகளே வெளுத்திருந்தன.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க மரத்தருகே தோண்டினேன். ஓரடி ஆழத்திலேயே கடப்பாறை கல்லில் மோதியது. சிமெண்டுக் காரையும் உடைந்த செங்கல்லும் வெளிவந்தன. சுற்றுச்சுவரைப் புதிதாகக் கட்டியபோது இடிந்த பழைய சுவரை அங்கே கொட்டி, மேலே மண் பரப்பி நிரவச் சொன்னவன் நானே. அதை முற்றிலும் மறந்துவிட்டிருந்தேன். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண் காரத்தன்மை அடையும். அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. உரம் இல்லாமையால் அன்று, நான் புதைத்ததனாலேயே மரம் வாடியது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் சபையை விட்டு விலகிய இளைஞர் ஒருவரின் முகம் நினைவில் வந்து நின்றது. அவர் ஆலயத்துக்கு வந்து மூன்று ஆண்டுகளாகின்றன. அங்கத்தினர் பட்டியலைத் திருத்தும் கூட்டத்தில் அவர் பெயரை நீக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது நானும் மறுக்கவில்லை. "எத்தனை முறை சந்தித்தோம், எத்தனை புத்திமதி சொன்னோம்" என்றே எண்ணினேன். எப்போது வாடத் தொடங்கினார் என்று நான் கேட்டதே இல்லை.

மறுவாரம் அவர் வீட்டுக்குச் சென்று அதைக் கேட்டேன். சிறிது நேரம் மௌனமாயிருந்தவர், "அப்பா இறந்த அன்று, ஐயா" என்றார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வந்த மகனிடம் நான் முதலில் பேசியது சந்தா பாக்கியைப் பற்றி. விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைப் பேசும் வேளை அதுவன்று. அதற்குப்பின் நான் கொண்டுசென்ற புத்திமதி எதுவும் அவர் வேரை எட்டவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தின் அத்திமர உவமையை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த எஜமான் மரத்தை வெட்டச் சொல்கிறான். இன்னும் ஓராண்டு கேட்கிறான் தோட்டக்காரன். இதை இதுவரை பொறுமைக்கான பாடமாகவே பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அவன் வெறுமனே காத்திருக்க அவகாசம் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்துவேன் என்கிறான். எருவிடுவதை அதற்குப் பின்பே சொல்கிறான். நானோ கொத்தாமலே எருவிட்டுக்கொண்டிருந்தேன்.

இடிபாடுகளை வெட்டியெடுத்துச் செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பினேன். அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைகளில் தெளித்தேன். இப்போது விட்டிருக்கும் தளிர்கள் பச்சையாக இருக்கின்றன. பூ இன்னும் இல்லை. அந்தச் சகோதரரும் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. பட்டியலில் அவர் பெயரை வைத்திருக்கும்படி சபைக் குழுவினரைக் கேட்டிருக்கிறேன். அத்திமரம் காய்த்ததா என்பதை ஆண்டவரும் நமக்குச் சொல்லவில்லை.

அன்பானவர்களே, உங்கள் இல்லத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளை உண்டா? பல காலம் வாசல் மிதிக்காத உடன்பிறப்பு உண்டா? இன்னுமொரு புத்திமதி சொல்லுமுன், வாட்டம் எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். தோண்டும்போது உங்கள் கையால் புதைத்தது ஏதேனும் வெளிவந்தால், அதை மறுபடியும் மூடாதேயுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம தகப்பனே, நாங்கள் புதைத்து மறந்தவற்றை எங்களுக்குக் காட்டும். தோண்டும் தைரியத்தையும், ஓராண்டு காத்திருக்கும் கிருபையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.