பக்கத்துப் பட்டாதாரர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. காற்று ஓய்ந்தபின் மணமேல்குடியில் எங்கள் தோப்புக்குப் போனோம். தென்னைகள் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரியப்பா நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "அத்து எங்கடா இருக்கு?" என்பதுதான். எங்களுக்கும் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் நடுவில் மரவரிசைதான் எல்லையாக இருந்தது. எல்லைக்கல்லை யாரும் பார்த்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

சில வாரங்கள் கழித்து, மனுக் கொடுத்து, நில அளவர் வந்தார். வந்தவர் புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பட்டாதாரர் வரவேண்டுமாம். அவரோ பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்; அறந்தாங்கிக்குப் போயிருந்தார். உச்சிவெயில் ஏறியது. பெரியப்பா பொறுமையிழந்து, "படம் இருக்கு, நீங்க இருக்கீங்க, அவன் எதுக்கு?" என்றார். நில அளவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்க மட்டும் பார்த்து ஊன்றுன கல்லை, நாளைக்கு அவரு பிடுங்கிப் போட்டுருவாருங்கய்யா."

அந்த வாக்கியம் என்னுள் தங்கிவிட்டது. கஜா கரையேறிய மூன்றாம் நாள், 2018 நவம்பர் 19 அன்று, சீனாவின் தெச்சிங் நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் முதல் உலகப் புவிசார் தகவல் மாநாடு தொடங்கியது என்பதைப் பின்னால் அறிந்தேன். இரண்டாவது மாநாட்டை 2022 அக்டோபர் 10 முதல் 14 வரை ஹைதராபாத்தில் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தியது. 'ஒருவரும் விடுபடக் கூடாது' என்பது அதன் முழக்கத்தில் ஒரு பாதி. மாநாட்டு முழக்கங்களை நான் பொதுவாக நம்புவதில்லை. இதை மட்டும், தோப்பில் காத்திருந்த அந்த நண்பகலை வைத்துக்கொண்டு வாசித்தேன்.

நில அளவை தனியாக முடிக்கக்கூடிய தொழில் அன்று. சங்கிலியின் இரு முனைகளையும் இருவர் பிடிக்க வேண்டும். நாடுகளுக்கும் இதுவே விதி. ஒரு நாடு தன் கரையில் கண்ட சராசரிக் கடல்மட்டத்தை வைத்துக் கணக்கிட்ட உயரம், அண்டை நாட்டின் கணக்கோடு அப்படியே பொருந்துவதில்லை. அதனால்தான் 1878இலேயே பாரிஸில் கூடி நில அளவையாளர்கள் தங்களுக்கென ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். 2011இல் ஐ.நா. இதற்கென ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரு புவி அளவைச் சட்டகம் வேண்டுமென்று 2015 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. இத்தகைய மாநாடுகளைக் கூட்டும் தலைவர்களின் உண்மையான வேலை மேடையில் பேசுவதன்று. பக்கத்துப் பட்டாதாரர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, ஒருவர் விடாமல் அழைப்பு அனுப்புவது.

அழைக்காமல் அளந்த வரலாறும் நம்மிடம் உண்டு. 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. 1802இல் பரங்கிமலையருகே லாம்டன் தம் அடிக்கோட்டை அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு கட்டி ஏற்றப்பட்ட அவருடைய மாபெரும் தியோடலைட் சுவரில் மோதிச் சிதைந்தது. அவரே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். அந்த உழைப்பை வியக்கிறேன். ஆனால் அந்த அளவை கும்பினிக்கானது. நிலத்துக்காரருக்கு அதில் இடமில்லை.

1974 எங்கள் ஊருக்கு இரண்டு எல்லைகள் மாறிய ஆண்டு. ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. அதுவரை தஞ்சை மாவட்டத்தில் இருந்த நாங்கள் புதுக்கோட்டைக்காரர்கள் ஆனோம். ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி, பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு விழுந்தது. ஜெகதாப்பட்டினத்திலோ கோட்டைப்பட்டினத்திலோ எந்த மீனவரையாவது அழைத்துக் கேட்டதாக எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கோட்டின் துல்லியத்தில் பிழையிராது. கைதாகிறவர்களின் வீடுகளில்தான் அதன் மறுபக்கம் தெரிகிறது.

இதை ஒருபக்கமாகச் சொல்லி முடிப்பதும் நேர்மையாகாது. எங்கள் விசைப்படகுகளின் இழுவைமடி தங்கள் வலைகளை அறுக்கிறது, கடலடியைச் சுரண்டுகிறது என்று யாழ்ப்பாணத்து மீனவர்கள் முறையிடுகிறார்கள். அவர்களும் பக்கத்துப் பட்டாதாரர்கள்தாம். 2014இல் இருதரப்பு மீனவர்களும் சென்னையிலும் கொழும்பிலும் நேரில் அமர்ந்து பேசினார்கள். தீர்வு வரவில்லை. இருந்தும் அந்தக் கோட்டைச் சுற்றி நடந்தவற்றுள், இரண்டு பேரும் வந்து நின்ற அளவை என்று நான் எண்ணுவது அதைத்தான்.

தோப்புக்காரர் மாலை மூன்று மணிக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டடி மணலுக்குக் கீழே கல் கிடைத்தது. பெரியப்பா காட்டிய இடத்திலும் இல்லை, அவர் காட்டிய இடத்திலும் இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது அவர், "உங்களுக்கு எத்தனை மரம் போச்சு?" என்று கேட்டார். பெரியப்பா எண்ணிக்கையைச் சொன்னார். அதன்பின் இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார்கள்.