இமையற்ற பல்லியின் இமைமுடி

கண்ணை மூட இமையில்லாத ஒரு பல்லிக்கு இமைமுடியைக் கொண்டு பெயர் அமைந்திருக்கிறது. 1866-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் அல்போன்ஸ் கிஷ்னோ அதனை ‘சிலியேட்டஸ்’ என்று அழைத்தார். இலத்தீனில் இமைமுடி உடையது என்பது பொருள். கண்ணுக்கு மேல் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் செதில்களே அந்த ‘முடி’. கண்ணில் படியும் தூசியை அது நாவால் நக்கித் துடைத்துக்கொள்கிறது.

கிரெஸ்டட் கெக்கோ என்று பரவலாக அறியப்படும் இவ்வினம், தென் பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியாவின் தென்பகுதிக் காடுகளுக்கே உரியது. நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாததால் அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1994-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. அதன்பின் வெளியே கொண்டுசெல்லப்பட்ட சிலவற்றின் வழிவந்தவை இன்று அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பெருகியிருக்கின்றன. வளர்ப்பது எளிது: மிதமான அறை வெப்பமே போதும், பழத்தூளை நீரில் குழைத்து வைத்தால் உண்ணும். மஞ்சள், சிவப்பு, கரும்புள்ளி என விரும்பிய நிறங்களைத் தேர்ந்து இணைசேர்க்கின்றனர்.

விற்பவரும் வளர்ப்பவரும் அதற்குத் தரும் அடைமொழி ‘சாது’. இச்சொல் பல்லியின் இயல்பைவிட, அதனை ஏந்தும் கையின் வசதியையே மிகுதியாகச் சொல்கிறது. பகலில் அது அசையாதிருப்பது இரவில் உலவும் உயிரின் ஓய்வு. அஞ்சினால் தாவும்; வாலைக் கழற்றிவிடும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு வால் மீண்டும் முளைக்கும், இதற்கு முளைப்பதில்லை. காட்டில் காணப்படும் முதிர்ந்தவற்றுள் பெரும்பாலானவை வாலற்றவை. பெட்டியில் போற்றப்படும் நீண்ட வால், காட்டின் இடர்களைச் சந்திக்காத வாழ்வின் அடையாளம்.

அந்தக் காட்டிலோ இவ்வினம் அழியும் அபாயத்தில் உள்ளதாகவே பன்னாட்டுச் செம்பட்டியல் வகைப்படுத்துகிறது. வெளியிலிருந்து வந்து பரவிய சிறு நெருப்பெறும்பும் எலியும் பூனையும் அதற்குப் பகை; வாழிடமும் சுருங்குகிறது. நியூ கலிடோனியா இப்பல்லிகளின் ஏற்றுமதியைத் தடைசெய்திருப்பதால், வளர்ப்பிடத்தில் பிறந்த ஒன்றை வாங்குவோர் காட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஆயினும் அவ்வாங்குதல் காட்டுக்கு எதையும் தருவதுமில்லை.

‘அற்றுப்போனதாகக் கருதப்பட்ட பல்லி பிழைத்துக்கொண்டது’ என்று இக்கதை வழக்கமாக முடிக்கப்படுகிறது. அவ்வாக்கியத்தின் எழுவாயைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நிறத்துக்காகத் தேர்ந்து பெருக்கப்பட்டவை பிழைத்திருக்கின்றன. இரவில் கிளைகளில் ஏறிப் பழமும் பூந்தேனும் பூச்சியும் தேடுகிற, பெரும்பாலும் வாலில்லாத, காட்டுப் பல்லியைப் பற்றி அதே வினையை முற்றாக எழுத இன்னும் காலம் வரவில்லை.