உள்ளங்கையில் முப்பது எழுத்து

எழுதும் கருவி மாறும்போதெல்லாம் எழுத்தும் சிறிது மாறுகின்றது. கல்லில் உளிகொண்டு பொறித்தவர்க்கு ஒரு முறை. ஓலையில் எழுத்தாணிகொண்டு கீறியவர்க்கு வேறொரு முறை. ஈயத்தில் வார்த்து அச்சிட்டவர்க்கு மற்றொரு முறை. இன்று நாம் உள்ளங்கை அகலமே உள்ள கண்ணாடிப் பரப்பைக் கட்டைவிரலால் தொட்டு எழுதுகின்றோம். கைப்பேசி என்று நாம் அழைத்தாலும், அது பேசுவதற்கு மட்டும் உரிய கருவியன்று. கையில் அடங்கும் கணினியே அது. அதன் சின்னஞ்சிறு விசைப்பலகையில் தமிழ் எவ்வாறு இடம் பெற்றது, அந்த இடத்தை நம் குடும்பங்கள் பயன்படுத்துகின்றனவா என்பதை இத்திங்கள் சற்றே சிந்திப்போம்.

நம் புதுக்கோட்டைச் சீமையில் வாழ்வோர்க்கு எழுத்தின் தொன்மையை எடுத்துரைக்கத் தேவையில்லை. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்துகளை இன்றும் காணலாம். கல்வெட்டுக்குப் பின் ஓலை வந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் பொத்துக்கொள்ளும் என்று அஞ்சி, எழுதுவோர் மெய்யெழுத்துக்குரிய புள்ளியை இடாமலே விட்டனர். படிப்போர் இடமறிந்து தம் மனத்தால் அப்புள்ளியை இட்டுக்கொண்டனர். எகர ஒகரக் குறில்களுக்கு இடவேண்டிய புள்ளியும் அவ்வாறே மறைந்தமையால், குறில் எது, நெடில் எது என்று தடுமாற நேர்ந்தது. ஆவூர்த் திருத்தலத்தில் பணிபுரிந்தவர் என நம் மக்கள் போற்றும் வீரமாமுனிவர், இக்குறையை நீக்க நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தார். இன்று நாம் ஏ என்றும் ஓ என்றும் தடுமாற்றமின்றி எழுதுவது அவர் செய்த உதவி. கருவியின் இயல்பையும் மொழியின் இயல்பையும் ஒருங்கே அறிந்தவர் செய்த திருத்தம் அது. நல்ல விசைப்பலகை அமைப்போர்க்கும் வேண்டிய அறிவு இதுவே.

இரு நூல்கள் கூறும் பாடம்

1554ஆம் ஆண்டு, போர்த்துக்கல் நாட்டு லிசுபன் நகரில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சாயிற்று. அதன் மொழி தமிழ். ஆனால் எழுத்து உரோமன் எழுத்து. தமிழ் எழுத்தை வார்க்கும் அச்சு அக்காலத்தில் இல்லாமையால் அவ்வாறு செய்தனர். அந்நூலைப் போர்த்துக்கீசியர் பார்த்து ஒலித்திருக்கலாம். முத்துக்குளித்துறைத் தாய் ஒருத்தி அதைக் கையில் எடுத்துப் படித்திருக்க இயலுமோ?

இயலாது என்பதை உணர்ந்தவர் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். தமிழ் எழுத்துகளை வார்ப்பித்து, 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றினார். பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலே இந்தியாவில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல். முன்பே கைவசம் இருந்த உரோமன் எழுத்தைக் கொண்டு எளிதில் காரியத்தை முடித்திருக்கலாம். ஆயினும் எழுதுவோர்க்கு எளிதானது எது என்று அவர் கேட்கவில்லை. படிப்போர்க்கு உரியது எது என்றே கேட்டார். வாசகர்கள் இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

247 எழுத்தும் 31 விசையும்

தமிழ் எழுத்து 247 என்று பள்ளியில் படித்தோம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. இவை அனைத்துக்கும் தனித்தனி விசை வைக்கவேண்டுமாயின், விசைப்பலகை நம் கோவில் பீடத்தின் அகலம் ஆகிவிடும் அல்லவா?

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா என்பார் 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது இச்சிக்கலையே எதிர்கொண்டார். எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விசைகளில் அமைத்தார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. புள்ளியையும் விசிறியையும் அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழும். அதன் பின்னரே தாள் நகரும். நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் இத்தகைய பொறியில் பழகியதுண்டு. 'க்' என்று அடிக்க முதலில் புள்ளி, பிறகு ககரம். கண்ணால் காணும் வடிவத்தைக் கட்டுவது அப்பொறியின் முறை; நாவால் ஒலிக்கும் முறை அதற்குத் தெரியாது. இரும்பாலான பொறியிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இயலாது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் உதவியாக இருக்கும் என்ற கருத்தும் சேர்ந்தே 1978இல் தமிழக அரசு ணை, லை, னா, றா முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது.

கணினி வந்ததும் நிலைமை மாறிற்று. வடிவத்தைக் கட்டும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. ஆதலால் மனிதன் ஒலியைச் சொன்னால் போதும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக, அவ்வாண்டே 'தமிழ்99' என்னும் விசைப்பலகையைத் தமிழக அரசு அறிவித்தது. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்றே வரையறுத்தார். அந்த முப்பதுக்கும் முப்பது விசை, புள்ளிக்கும் ஆய்தத்துக்குமாக இன்னும் ஒன்று, ஆக முப்பத்தொன்று. எஞ்சிய 216 உயிர்மெய்யும் மெய்யும் உயிரும் சேர்ந்து தாமே பிறக்கும். ககரத்தைத் தொட்டு ஆகாரத்தைத் தொட்டால் 'கா'; இகரத்தைத் தொட்டால் 'கி'. பள்ளியில் கூட்டிப் படித்த அதே முறை.

இவ்வமைப்பின் நுட்பத்தைச் சற்றே காண்போம். பன்னிரண்டு உயிரும் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, இ, உ, எ என்னும் குறில்கள் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் உள்ளன. அவற்றின் நெடில்கள் அவற்றை ஒட்டி மேல் வரிசையில் உள்ளன. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந, ய ஆகியவையும் நடுவரிசையிலேயே. அரிதாக வரும் ஔகாரமும் ஙகரமும் கீழ் வரிசைக்குச் சென்றன.

இதனினும் நுட்பமானது புள்ளி. ஒரே மெய் இருமுறை தொடர்ந்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தொடுதல் போதும். புள்ளியைத் தேட வேண்டியதில்லை. மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. ங, க என்று தொட்டால் 'ங்க' என்றாகும். 'மம' என்று புள்ளியின்றி எழுத வேண்டின், இடையில் அகரத்தை ஒருமுறை தொட்டால் போதும். ஓலை படித்த நம் முன்னோர் மனத்தால் இட்ட புள்ளியை இன்று கருவி இடுகின்றது. இலக்கணம் என்றதும் முகம் சுளிக்கும் நம் இளைஞர்கள், தங்கள் விரல் நுனியில் உழைத்துக்கொண்டிருப்பது இலக்கணமே என்று அறிந்தால் வியப்பர்.

கையடக்கமானபோது

மேசைக் கணினியின் பலகையில் பத்து விரலுக்கும் இடமுண்டு. கைப்பேசியில் என் செய்வது? பழைய கைப்பேசிகளில் எண்களுக்குரிய பன்னிரண்டு விசைகளே இருந்தன. அவற்றுள் எழுத்துக்கு உதவியவை எட்டு. முப்பது எழுத்தை எட்டில் பங்கிட்டால் ஒன்றுக்கு நான்கு. நான்காம் எழுத்தை அடைய அதே விசையை நான்குமுறை அழுத்த வேண்டும். அத்தடையின் நடுவிலும் மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கல் நாளில் வெளிவந்து, தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் வழியைத் திறந்தது.

அதே காலத்தில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் கூடி 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணினியை வடிவமைத்தனர். 2001இல் அறிவிக்கப்பட்டு 2004இல் விற்பனைக்கு வந்த அக்கருவியில் விசைப்பலகையே இல்லை. கோல்கொண்டு திரையைத் தொடவேண்டும். ஒரு கிராமத்தார் ஒரே கருவியைத் தத்தம் அட்டைகொண்டு பகிர்ந்து பயன்படுத்தலாம் என்பது அவர்களுடைய எண்ணம். கருவி நிலைக்கவில்லை, ஆனால் ஏழை எளியவருக்கும் அவரவர் மொழியில் கணினி வேண்டும் என்ற எண்ணம் நிலைத்தது. 2016இல் நடுவண் அரசு பிறப்பித்த ஆணை, இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகள் அட்டவணை மொழிகள் 22ஐயும் திரையில் காட்டவேண்டும் என்றும், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு மேலும் ஓர் இந்திய மொழியிலேனும் எழுத வசதி தரவேண்டும் என்றும் விதித்தது.

தொடுதிரையின் அகலம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். ஆங்கிலத்துக்கு ஒரு வரிசையில் பத்து விசை. தமிழ்99இன் மேல் வரிசையிலோ பன்னிரண்டு. விசை ஒன்றுக்கு ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான இடமே கிட்டும். வயல்வேலை செய்து தடித்த விரலுக்கு அது போதுமா? எனவே அமைப்பாளர்கள் பல வழிகளைக் கண்டனர். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகளை இரண்டாம் அடுக்குக்கு அனுப்பினர். சில அமைப்புகளில் மெய்யெழுத்தைத் தொட்டவுடன் உயிர் விசைகள் கா, கி, கீ என உருமாறி நிற்கும். எதைத் தொட்டால் எது வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லின் தொடக்கத்தைக் கண்டு முழுச்சொல்லையும் எடுத்து நீட்டும் வசதியும் வந்தது. இடத்தைச் சுருக்கும் கலையில் பாதி, எதை விலக்குவது என்பது. மறுபாதி, எதைத் தானே நிகழவிடுவது என்பது.

யாருக்காக எழுதுகின்றோம்?

இவ்வளவும் இருந்தும் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்திலேயே அனுப்புகின்றனர். நம் மாவட்டத்து ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றவர் ஏராளம். அவர்கள் அனுப்பும் செய்திகளும் பெரும்பாலும் இவ்வாறே வருகின்றன.

நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் ஒருநாள் மாலைத் திருப்பலிக்குப் பின் கைப்பேசியுடன் வந்தார். "சாமி, சிங்கப்பூர்ல இருந்து பேரன் இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கான். படிச்சுச் சொல்லுங்க" என்றார். பார்த்தோம். "ஆயா, இது இங்கிலீசு இல்லை, தமிழ்தான், எழுத்துதான் வேறு" என்றோம். "தமிழா? அப்ப எனக்கு ஏன் சாமி படிக்க முடியலை?" என்று கேட்டார். செபப் புத்தகத்தைத் தடங்கலின்றிப் படிக்கும் அவருடைய அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. செய்தியைப் படித்துச் சொன்னோம். அது குடும்பத்துக்குள் மட்டும் இருக்கவேண்டிய செய்தி. குரு என்பதால் நம்மிடம் அது பத்திரமாக இருக்கும். ஆனால் எல்லா ஆயாக்களும் குருவிடமே செல்வர் என்று எவ்வாறு சொல்வது? கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் நீட்டுவோர் இல்லையா?

அவருடைய இசைவுடன் அப்பேரனுக்கு எழுதினோம். அன்பியத்து இளைஞர் ஒருவர், தமிழ் விசைப்பலகையை அமைக்கும் முறையை அவருக்கு விளக்கினார். சில நாள் கழித்து ஆயா வந்தார். "எழுதியிருக்கான் சாமி, நானே படிச்சேன்" என்றார். கைப்பேசி இடுப்பிலேயே இருந்தது, நம்மிடம் காட்டவில்லை. அதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது; தெரியவேண்டிய தேவையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆங்கில எழுத்தில் வழியும் வலியும் வளியும் ஒன்றே. பள்ளியும் பல்லியும் ஒன்றே. மனமும் மணமும் ஒன்றே. அயல்நாட்டில் இருக்கும் மகன் 'வழி தெரியவில்லை' என்று எழுதியதைத் தங்கை 'வலி தெரியவில்லை' என்று படித்துக்காட்டினால், தாய் மகிழவேண்டிய இடம் எது, அஞ்சவேண்டிய இடம் எது? குரலைப் பதிந்து அனுப்பலாமே என்பர். நன்றுதான், எழுத்தறியாதார்க்கு அது பேருதவி. ஆயினும் இரவில் எடுத்து மறுபடி படிக்கவும், ஒரு வரியிலேயே நெடுநேரம் நிற்கவும், ஆண்டுகள் கழித்துத் தேடவும் எழுத்துக்கு நிகர் எழுத்தே.

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கு நம் வேண்டுகோள் சிறிது. வீட்டிலுள்ள கைப்பேசியின் அமைப்புகளில் மொழி என்னும் பகுதிக்குச் சென்று தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். தமிழ்99 கிடைப்பின் அதையே தேர்ந்துகொள்ளுங்கள். முதல் வாரம் உயிர் பன்னிரண்டு, அடுத்த வாரம் மெய் பதினெட்டு. நாள்தோறும் பத்து நிமிடம். மறைக்கல்வி வகுப்பில் முயன்ற சிறுவர்கள் ஒரு திங்களுக்குள் தேடாமல் எழுதக் கண்டோம். பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்பிக்கட்டும்; ஒவ்வொரு வீட்டிலும் வாரம் ஒரு செய்தியேனும் தமிழ் எழுத்தில் பாட்டிக்குச் செல்லட்டும்.

அண்டிரிக் அடிகளார்க்குத் தமிழ் எழுத்தை வார்ப்பிக்கப் பொருளும் ஆளும் ஆண்டுகளும் வேண்டியிருந்தன. நமக்கோ அவ்வெழுத்து முழுவதும் சட்டைப் பைக்குள் செலவின்றிக் கிடக்கின்றது. எழுதுவோர்க்கு எளிதானது எது என்று கேளாமல், படிப்போர்க்கு உரியது எது என்று கேட்கும் மனம் ஒன்றே இனி வேண்டுவது.