அச்சைத் திறக்குமுன்

கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாள்களில் பாம்பனில் பல வீட்டு அடுப்புகள் கடனில்தான் எரிகின்றன. ஆகவே நம் பங்குத் தாய்மார் சிலர் மெழுகுதிரி வார்க்கத் தொடங்கினர். வார்ப்பது எளிதாயிற்று, அச்சிலிருந்து எடுப்பதே பெரும்பாடு.

பாரபின் மெழுகு குளிர்கையில் சுருங்கி அச்சுச் சுவரைத் தானே விட்டு விலகும். அதுவரை பொறுக்கவேண்டும். மேற்புறம் இறுகியிருந்தாலும் உள்ளே குழைவாயிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் மெழுகுதிரி வளையும், அல்லது திரிநூல் மட்டும் கையோடு வரும். சித்திரை வெயிலில் நண்பகலில் வார்த்தது இறுக நெடுநேரமாகும். எனவே விடியலில் வார்த்து, அச்சைத் தண்ணீரில் நிறுத்துகின்றனர். முன்னதாகத் தேங்காயெண்ணெயைத் துணியால் மெல்லத் தடவவேண்டும். சிறிது ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் இன்னும் எளிதாய்க் கழலும். (இவை குருமடத்தில் கற்றவையல்ல, அச்சு விற்றவரிடம் கேட்டறிந்தவை.)

ஒட்டிக்கொண்டால் சிலர் கத்தியை நாடினர். அதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்தேன். ஒடிந்ததை உருக்கி மறுபடி வார்க்கலாம். அலுமினிய அச்சில் விழுந்த கீறலோ பின்வரும் ஒவ்வொரு மெழுகுதிரியிலும் பதியும். பெரிய ஆலைகளிலும் மென்மையான ரப்பர் பொருளை ஊசியால் உந்தினால் தழும்பு விழுமென்று, காற்றைச் செலுத்தி எழுப்புவதுண்டு. நம் தாய்மார் அச்சை வெந்நீரில் ஒரு கணம் தோய்த்தெடுக்கின்றனர்.

வளைந்தவற்றைக் கோவிலுக்கு இனாமாகத் தருவதாகச் சொன்னார்கள். "வேண்டாம் அம்மா, நேரானவற்றையே தாருங்கள், கோவிலும் விலைக்கே வாங்கும்" என்றேன்.