நடந்தால் வரும் பாட்டு

வெம்பக்கோட்டை, புதன் இரவு

பட்டாசு செய்யும் பயர் ஆபீஸிலிருந்து வந்து இரண்டு தடவை குளித்தும் நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்குகிறது. படுத்தபடி போனில் டூலின் பார்த்தேன். அயர்லாந்தின் கிளேர் பகுதியில் ஒரு கடலோரச் சிற்றூர். மதுக்கடை மூலையில் நாலு பேர் பிடிலும் குழலும் வாசிக்கிறார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. மிக்கோ ரஸ்ஸல் (1915–1994) என்ற விவசாயி தகரக் குழல் ஊதியே அந்த ஊரை வெளியுலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "பாட்டுக் கேக்க அம்புட்டுத் தூரமா போகணும்? நாளைக்கழிச்சு பங்குனி உத்திரம். சென்னிகுளம் பாத்துட்டு அப்படியே கழுகுமலைக்குப் போயிட்டு வா."

சென்னிகுளம், வியாழன்

திருவேங்கடம் வழியாகச் சங்கரன்கோவில் பக்கம். வழியெல்லாம் கரிசல். காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியாரின் ஊர் இது. 19ஆம் நூற்றாண்டுக்காரர், முப்பது வயதைத் தாண்டவில்லை. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்ப தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநெடுகப் பாடப் பிறந்த பாட்டு. ரெட்டியார் தன் ஊர்ப் பெயரையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார். இன்று கச்சேரிகளில் கடைசித் துக்கடாவாகப் பாடுகிறார்கள்.

ஊரில் ஆட்டுக்குட்டிச் சத்தம்தான் கேட்டது. டீக்கடையில் கேட்டேன்: "இங்க சிந்து பாடுறவங்க இருக்காங்களா தாத்தா?"

"உக்காந்து பாடுற பாட்டாய்யா அது?" என்றார் பெரியவர்.

கழுகுமலை, உத்திரம்

கடைசி நாலு கிலோமீட்டர் ஒரு காவடிக் கூட்டத்தோடு நடந்தேன். உறுமி முன்னால். தகிட, தகிட என்று மும்மூன்றாக விழும் நடை. தோளில் காவடி இருந்தால் கால் நேராகப் போகாது, ஆடிக்கொண்டேதான் போகும். அந்த ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது சிந்து. டூலின்காரர்களின் 'ஜிக்' மெட்டும் மும்மூன்றாகவே நடக்கிறது; அதுவும் ஆடும் காலுக்குப் பிறந்ததுதான். வெடிச் சத்தத்தில் மரத்த என் காதுக்கு, தாளம் உள்ளங்கால் வழியாகத்தான் ஏறியது.

குடைவரை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் வீடு. காலில் கொப்புளம்.

"எங்க, பாடு" என்றாள் அத்தை. திண்ணையில் உட்கார்ந்து முயன்றேன், வரவில்லை. எழுந்து முற்றத்தில் நடந்தேன். இரண்டாவது சுற்றில், அத்தை அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாள்.