வாண்டாவின் நினைவை அழித்தவர்கள்

சென்ற வாரம் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'வாண்டாவின் நன்மை கருதி அவளது நினைவு அழிக்கப்படுகிறது' என்று நானே எழுதியிருந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. அதில் பிழை ஏதுமில்லை. கதையில் அப்படித்தான் நிகழ்கிறது. ஆனால் 'நன்மை கருதி' என்பதை நான் வேறோர் இடத்தில், சிறுவயதில், எங்கள் மும்பை வீட்டில் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றியதே இப்பதிவு.

2021இல் வெளிவந்த 'வாண்டாவிஷன்' தொடரின் வழியாக நண்பர்கள் பலருக்கு ஸ்கார்லெட் விட்ச் என்னும் வாண்டா மேக்ஸிமாஃபைத் தெரிந்திருக்கும். காமிக்ஸில் அவள் தோன்றியது 1964 மார்ச் தேதியிட்ட 'எக்ஸ்-மென்' நான்காம் இதழில். படைத்தவர்கள் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும். ஊரார் கூடிக் கொல்ல வந்தபோது தன்னைக் காப்பாற்றிய மாக்னீட்டோவுக்கு நன்றிக்கடன் பட்டு, விருப்பமின்றியே அவனது அணியில் இருக்கும் பெண்ணாகத்தான் அவள் அறிமுகமாகிறாள். அடுத்த ஆண்டே இரட்டைச் சகோதரன் பியட்ரோவுடன் அவெஞ்சர்ஸ் அணியில் சேர்கிறாள். தொடக்கத்தில் அவள் ஆற்றல் எளியது: கையசைவினால் நிகழவிருப்பதைப் பிறழச் செய்வாள். 1970களில் அகதா ஹார்க்னெஸ் என்னும் மூதாட்டியிடம் முறையாகச் சூனியக்கலை பயின்ற பின்னரே முழுமையான மாயக்காரியாகிறாள்.

அவளது பிறப்புக் கதையை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். 1974இல் அவள் பெற்றோர் 1940களின் நாயகர்களான விஸ்ஸரும் மிஸ் அமெரிக்காவும் என்று கூறப்பட்டது. 1979இல் அது மறுக்கப்பட்டு, தாய் மாக்டா என்றானது. 1983இல் தந்தை மாக்னீட்டோவே என்று அறிவிக்கப்பட்டது. 2014இல் அதுவும் இல்லையென்றானது. அதன்பின் வந்த ஜேம்ஸ் ராபின்சனின் தொடரில் தாய் நடால்யா மேக்ஸிமாஃப் என்றும், அவளும் ஒரு ஸ்கார்லெட் விட்ச் என்றும் எழுதப்பட்டது. பின்வரும் எழுத்தாளர் முன்கதையை மாற்றி எழுதுவதைக் காமிக்ஸ் உலகில் 'ரெட்கான்' என்பார்கள். நெடுங்காலம் வாழும் பாத்திரங்கள் எவையும் இதற்குத் தப்புவதில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் தான் யார் என்பதைப் பிறர் வாய்மொழியாகக் கேட்டறிய வேண்டியவளாகவே வாண்டா இருக்கிறாள்.

இவற்றுள் மிகக் கொடியது பிறப்பைப் பற்றியதன்று. 1975இல் அவள் விஷன் என்னும் செயற்கை மனிதனை மணக்கிறாள். 1986இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய தொடரில் தாமஸ், வில்லியம் என்னும் இரட்டை ஆண் குழந்தைகள் மாயத்தின் துணையால் பிறக்கின்றன. 1989இல் ஜான் பர்ன் கதையை ஏற்கிறார். முதலில் விஷன் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, உணர்ச்சியற்ற வெள்ளை உருவாகத் திரும்புகிறான். பிறகு அக்குழந்தைகள் உண்மையில் குழந்தைகளே அல்ல, மெஃபிஸ்டோ என்னும் அரக்கனுடைய ஆன்மாவின் சிதறல்கள் என்று தெரியவருகிறது, அவை மறைகின்றன. அந்தத் துயரத்தைத் தாங்க மாட்டாள் என்று அகதா, அவர்களைப் பற்றிய நினைவையே வாண்டாவின் மனத்திலிருந்து நீக்கிவிடுகிறாள். இதைச் செய்தவள் பகைவி அல்லள். வாண்டாவை நேசித்த ஆசிரியை.

எங்கள் வீட்டிலும் நேசித்தவர்கள்தான் செய்தார்கள். என் பெரியம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, பெயர் சூட்டுவதற்கு முன்பே, ஒன்பதாம் நாள் இறந்துபோனது. அவர் மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்குள் தொட்டில், துணிகள், மருத்துவச் சீட்டுகள் யாவும் அகற்றப்பட்டிருந்தன. இனி அந்தப் பேச்சே கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவருக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. எட்டு வயதில் நான் எதையோ கேட்கப்போக, "அவ நல்லதுக்காகத்தான் யாரும் பேசறதில்ல, நீயும் கேக்காதே" என்று பாட்டி என்னை அதட்டியது நன்றாக நினைவிருக்கிறது. நானும் அதன்பின் கேட்கவில்லை. அந்த மௌனத்தில் எனக்கும் பங்குண்டு.

வாண்டாவின் கதையில் அந்த மௌனம் 15 ஆண்டுகள் நீடிக்கிறது. 2004இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுதிய கதையில், தோழி வாஸ்ப் பேச்சுவாக்கில் குழந்தைகளைப் பற்றி ஏதோ சொல்லிவிட, அழிக்கப்பட்டது திரும்பி வருகிறது. அவெஞ்சர்ஸ் அணி சிதறுகிறது, நண்பர்கள் மடிகிறார்கள். 2005இன் 'ஹவுஸ் ஆஃப் எம்' கதையில், குழந்தைகளோடு தான் வாழும் ஓர் உலகையே அவள் படைக்கிறாள். அதுவும் குலைந்தபோது, மியூட்டன்ட்களில் பெரும்பாலோரின் ஆற்றலை மூன்றே சொற்களால் பறித்துவிடுகிறாள்.

வாசகர் பலர் வாண்டாவின் குற்றக்கணக்கை இங்கிருந்தே தொடங்குகிறார்கள். ஆற்றல் மிகுந்த பெண் துயரத்தால் பித்துற்று உலகை அழிப்பாள் என்னும் பழைய கதையாகவே அது அவர்களுக்குத் தெரிகிறது. அவள் செய்தவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. அவற்றால் அழிந்தவர்களுக்கும் துயரம் உண்டு. ஆனால் கணக்கை 1989இலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். குழந்தைகளை இழந்தது ஒரு துயரம். இழந்ததற்காக அழும் உரிமையை, தன்னைக் கேளாமலே பிறர் எடுத்துக்கொண்டது வேறொரு துயரம். முதலாவதற்கு அகதா பொறுப்பல்லள்; இரண்டாவதற்கு அவளே பொறுப்பு.

பெரியம்மா எதையும் அழிக்கவில்லை. 32 ஆண்டுகள் சமைத்தார், எங்களை வளர்த்தார், மாத்திரை போட்டுக்கொண்டு உறங்கினார். சென்ற தீபாவளிக்கு ஊர் சென்றபோது, என் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டார். வாண்டாவின் கதையை முழுவதும் சொன்னேன். 1989 வந்ததும் தயங்கினேன். பிறகு அதையும் சொன்னேன். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த கை சிறிது நின்றது. "அந்தப் புள்ளைங்க அப்புறம் கெடச்சாங்களா?" என்றார்.

கிடைத்தார்கள் என்றேன். அவ்விருவரின் ஆன்மாக்களும் வேறு தாய்மார்களுக்குப் பிறந்து, வளர்ந்த இளைஞர்களாக அவளைத் தேடி வரும் கதை 2010 முதல் 2012 வரை வெளிவந்ததைச் சொன்னேன். தலையசைத்தார். சற்று நேரம் கழித்து, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே, "நான்கூட ஒரு பேர் யோசிச்சு வெச்சிருந்தேன். யாரும் கேக்கல" என்றார்.

கேட்டேன். சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது.

மூன்றாம் இயலின் அந்த வாக்கியத்தை இப்போது திருத்திவிட்டேன்: 'வாண்டாவைக் கேளாமல் அவளது நினைவு அழிக்கப்படுகிறது.'