31-க்கும் பாஸ்!

நாமக்கல் பக்கத்துப் பசங்களுக்கு மார்க் கணக்கு ரத்தத்துலயே ஊறினது. பத்தாவதுல ஒரு பாடத்துல 35-க்குக் கீழே போனாலும் ஃபெயில். சேந்தமங்கலத்துல இருந்து சீனாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனப்பவும் அதே கணக்குதான் என் மண்டையில!

2017-ல் எங்க காலேஜில், வார்டு பயிற்சிக்குப் போகணும்னா ஹெச்.எஸ்.கே. நாலாம் நிலை பாஸ் பண்ணணும்னுட்டாங்க. சீன மொழித் தேர்வு. 1,200 வார்த்தை தெரிஞ்சிருக்கணும். கேட்டல், வாசித்தல், எழுதுதல்... ஒவ்வொண்ணுக்கும் 100 மார்க். அம்மா நைனாமலை பெருமாளுக்கு வேண்டிக்கிட்டாங்க.

ரிசல்ட் வந்தது. கேட்டல் 88, வாசித்தல் 73, எழுதுதல் 31.

"அப்பா, போச்சுப்பா..."

"விடு கண்ணு, அடுத்த தடவை எழுதிக்கலாம்."

பக்கத்துல இருந்த சீனியர் சிரிச்சார். "தனித்தனியா பாஸ் மார்க் கிடையாதுடா. மொத்தம் 300-க்கு 180 எடுத்தா போதும். நீ 192!"

அப்புறம்தான் உறைச்சது. கேட்டலுக்கு 45 கேள்வி, எழுதுதலுக்கு 15 கேள்வி. ரெண்டுக்குமே 100 மார்க். அந்த 15-ஐத்தான் நான் கண்டுக்காம விட்டிருந்தேன்.

வார்டில் முதல் வாரம். ஒரு பாட்டி வயித்து வலியைச் சொல்லச் சொல்ல, எல்லாமே புரிஞ்சது. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். நர்ஸ் கையால எழுதின சீட்டை நீட்டினாங்க. ஓர் எழுத்துகூடப் பிடிபடலை. வெட்கத்தை விட்டு, "படிச்சுக் காட்டுங்க"ன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலமே கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். பாஸ்னு சொன்னது 192. நோட்டு வாங்க வெச்சது 31.